மீன்கார ஊரில் சைவமும் வீகனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்து, வேலைக்காகப் புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மீனும் கறியும் விட்டு நாலரை வருஷம் ஆகிறது. பால், தயிர், நெய் விட்டு இரண்டு வருஷம். சித்தி பிள்ளைகள், ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய சிநேகிதிகள் என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியாமல் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு சம்பந்தமாகச் சொல்லியிருப்பதை உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கும் வீகனுக்கும் என்ன வித்தியாசம்?

சைவத்தில் மீன், கறி, முட்டை கிடையாது. பால், தயிர், நெய், தேன் உண்டு. வீகனில் இவையும் கிடையாது. வீகன் என்ற சொல் 1944-இல் இங்கிலாந்தில் பிறந்தது. தமிழில் அதற்கு நனிசைவம் என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் ஓட்டலில் போய் அப்படிக் கேட்டால் சர்வர் முழிப்பார். "பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் சேராம" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியை நம்பி நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அது சைவத்துக்கான அடையாளம் மட்டும்தான். பால்பவுடர், நெய், தேன் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். முட்டை இருந்தால் அசைவத்துக்கான பழுப்பு அடையாளம் இருக்கும். வீகன் உணவுக்கென்று 2022-இல் அரசு தனி முத்திரை கொண்டுவந்தது. நம் தெரு மளிகைக்கடையில் அதைத் தேடினால் பொழுது போய்விடும். பாக்கெட்டைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துவிடுங்கள்.

முட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. உங்கள் தட்டு. பெயர் என்ன வைப்பது என்ற சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் ஆரம்பித்தால் நல்லது?

புரட்டாசி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பாதி ஊர் அந்த மாதம் கவிச்சி தொடாது, வீட்டில் எப்படியும் சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு என்றுதான் ஓடும். யாருக்கும் விளக்கம் சொல்லாமல் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். மாதம் முடிந்து எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்கு ஓடும்போது நீங்கள் மட்டும் "எனக்கு வேணாம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். உண்மையான முதல் நாள் அதுதான். பாண்டியில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தவக்காலத்தில் ஆரம்பித்து அப்படியே தொடர்ந்திருக்கிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலமும் மோசமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறிக் கிடக்கும் என்பதால் நீங்கள் ஒதுங்கினால் வீட்டில் ஒருத்தரும் வருத்தப்படமாட்டார்கள்.

பொங்கலுக்கு மறுநாள், ஆடிக் கூழ், தீபாவளி இந்த மூன்றையும் ஒட்டி ஆரம்பிக்காதீர்கள். கூழுக்குப் பக்கத்தில் கருவாட்டுக் குழம்பை வைத்துக்கொண்டு விரதம் பழகுவது வீண் வம்பு.

வீட்டில் எப்படிச் சொல்வது? அம்மா அழுகிறார்.

அழத்தான் செய்வார். நம் வீடுகளில் பிள்ளைக்கு மீனின் நடுத்துண்டை எடுத்து வைப்பதுதான் பாசம். அதைத் தட்டிலிருந்து தள்ளினால் அவரையே தள்ளியதுபோல அவருக்குப் படும். இது புரியாமல் நான் முதல் வாரமே மாடு வெட்டும் வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். படு முட்டாள்தனம். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்து சொந்தக்காரர்கள். பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுடி, எந்த வீட்டுப் பையன்?" என்று கேட்டார். நம் பக்கத்தில் ஒரு பெண் திடீரென்று கறி விட்டால் சைவக்கார வீட்டுப் பையனைப் பார்த்துவிட்டாள் என்றுதான் கணக்குப் போடுவார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுங்கள்.

காரணத்தைச் சொல்லி யாரும் வீட்டில் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. வேலையைப் பகிர்ந்துகொண்டு ஜெயித்தவர்கள் உண்டு. "எனக்குத் தனியா எதுவும் செய்யாதம்மா, குழம்பைக் கூட்டி மீன் போடுறதுக்கு முன்னால எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிடு" என்றேன். அவருக்கு அது ஒரு கரண்டி வேலை. இரண்டாவது மாதத்திலிருந்து அந்தக் கிண்ணத்தில் அவராகவே இரண்டு முருங்கைக்காய் போட்டு வைக்க ஆரம்பித்தார்.

மீன்குழம்பு இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்?

யார் சொன்னது இல்லாமல் இருக்கிறேன் என்று? மீன்தான் இல்லை, குழம்பு இருக்கிறது. நாக்கு தேடும் ருசியில் பாதிக்குமேல் புளி, மாங்காய், வெந்தயம், பூண்டு, அரைத்த மசாலா, மேலே மிதக்கும் நல்லெண்ணெய். அதே மண்சட்டியில் மாங்காயும் கத்தரிக்காயும் போட்டு வைத்து, மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுப் பாருங்கள்.

கருவாட்டுக் குழம்பில் நாம் வழக்கமாகவே மொச்சையும் கத்தரிக்காயும் சேர்ப்போம். கருவாட்டை எடுத்துவிட்டாலும் அவை இரண்டும் குழம்பைத் தாங்கும். வஞ்சிரத்துக்குத் தடவும் மசாலாவைச் சேனைக்கிழங்கில் தடவிக் கல்லில் போட்டு எடுக்கலாம். கிழங்கைப் புளித்தண்ணீரில் வேக வையுங்கள், நாக்கு அரிக்காது. சுறாப்புட்டுக்கு வாழைக்காய்: அரைவேக்காட்டில் எடுத்துத் துருவி, இஞ்சி, பூண்டு, வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் அதே அளவில் போட்டு உதிர்க்க வேண்டியதுதான். பண்ருட்டிப் பக்கம் பலாமூசு, அதாவது பிஞ்சுப் பலா, வரும் நாட்களில் அதை வாங்கிப் பிரியாணி செய்யுங்கள். கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் பிசினோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

நெத்திலி வறுவலுக்கு மட்டும் ஈடு எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. பொய் சொல்லமாட்டேன்.

புரதம் போதுமா?

சாப்பிடுவதைப் பொறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ இருப்பவருக்கு ஏறக்குறைய 46 கிராம். மூன்று இட்லி, அரைத்தட்டுச் சோறு, அப்பளம், ரசம், ராத்திரி உப்புமா என்று ஓட்டினால் பாதிகூட வராது. மீன் இருந்தவரை அது இந்தக் குறையை மூடிக்கொண்டிருந்தது. மீனை எடுத்ததும் ஓட்டை தெரிகிறது. சைவத்துக்கு மாறி ஆறே மாதத்தில் முடி கொட்டுகிறது, களைப்பாக இருக்கிறது என்பவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும்தான்.

என் ஒரு நாள் கணக்கு இது. வேகாத துவரம்பருப்பு 40 கிராம், அதில் 9 கிராம் புரதம். கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், வேகாத எடையில் 50 கிராம், அதில் ஒன்பது பத்து. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழெட்டு. இட்லியும் சோறும் சேர்ந்து இருபதுக்குப் பக்கம். மீல்மேக்கரில் பாதி எடை புரதம்தான், 30 கிராம் போட்டாலே 15 கிடைத்துவிடும். ஜிம்முக்குப் போகும் தம்பிமார்கள் அதையும் பயறையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா மாவு வாங்குவது உங்கள் இஷ்டம்.

பி12 மாத்திரை கட்டாயமா?

வீகன் என்றால் கட்டாயம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பி12 என்ற வைட்டமினை நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. மீன், கறி, முட்டை, பால் வழியாக அது நமக்கு வந்து சேர்கிறது. செடிகொடிகளில் நம்பி இருக்கும்படி கிடையாது. கல்லீரல் பழைய சேமிப்பை வைத்துச் சில வருஷம் சமாளிக்கும் என்பதால், முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. "நான் மாத்திரையே போடல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சேமிப்பில் ஓடிக்கொண்டிருப்பவர்கள். பிறகு கைகால் மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, நாக்குப் புண், மறதி என்று மெல்ல வரும். கீரை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல்: கீரையில் உள்ள ஃபோலேட் என்ற சத்து இரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது வீகன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. ஏற்கெனவே குறைவாக இருந்தால் டாக்டர் ஊசி போடச் சொல்லலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 இன்னும் குறையும், அவர்கள் பரிசோதித்துவிட்டே ஆரம்பிக்க வேண்டும். கேப்சூல் வாங்கினால் அதன் மேலுறை ஜெலட்டினா என்று பாருங்கள். ஜெலட்டின் மாட்டின், பன்றியின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது.

பால் சாப்பிடும் சைவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு காபி என்றால் அந்தக் கொஞ்சமும் போதாது.

ஸ்பைருலினா சாப்பிட்டால் பி12 கிடைக்கும் என்கிறார்களே? பழைய சோற்றிலும் இருக்கிறதாமே?

ஆரோவில் பக்கத்தில் ஸ்பைருலினா என்ற பாசியை வளர்க்கிறார்கள். அதனால் நம் ஊரில் இந்தப் பேச்சு அதிகம், நானும் ஒரு வருஷம் அதை நம்பி ஏமாந்தேன். அதில் புரதமும் இரும்பும் இருக்கின்றன. பி12 என்று இருப்பதில் பெரும்பகுதி, வடிவத்தில் பி12 போலிருந்தும் மனித உடம்புக்குப் பயன்படாத போலி. பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, வெயிலுக்கு அமிர்தம், சின்ன வெங்காயத்தோடு நானே தினம் சாப்பிடுகிறேன். பி12-க்காக அதை நம்ப முடியாது.

இரத்தசோகை வருமா?

எனக்கு வந்தது. எட்டாவது மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 9.8, பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. முதலில் போன ஆஸ்பத்திரியில் "மீன் சாப்பிடும்மா, சரியாயிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் நிதானமாக விசாரித்தார். கீரை சாப்பிடுகிறேன், கம்பு சாப்பிடுகிறேன், எல்லாம் சரி. ஆனால் சாப்பிட்ட கையோடு ஒரு டீ. அங்கேதான் கோளாறு.

செடிகளிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. டீயும் காபியும் அதை இன்னும் தடுக்கும், புளிப்பான பழங்களில் உள்ள வைட்டமின் சி அதற்கு உதவும். அதனால் டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்தேன், கீரைக்கூட்டில் அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழிந்தேன், நாளுக்கு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்தேன். மூன்று மாதம் இரும்பு மாத்திரையும் போட்டேன். மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் உணவை மாற்றும் முன்பே ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

மீனில் இருக்கும் ஒமேகா-3, அயோடின்?

ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்புக்கு ஆளி விதையை வறுத்துப் பொடித்துத் தினம் ஒரு ஸ்பூன் இட்லிப் பொடியில் கலந்துகொள்ளுங்கள். மீனில் உள்ள வகையை உடம்பு இதிலிருந்து குறைவாகத்தான் தயாரிக்கும். வேண்டுமானால் நுண்பாசியிலிருந்து எடுத்த மாத்திரை இருக்கிறது, விலை கூடுதல்.

அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு, இந்துப்பு என்று "இயற்கை" மோகத்தில் மாறிவிட்டு, மீனையும் விட்டால் தைராய்டுக்கு ஆபத்து. ஊறுகாய்க்குக் கல்லுப்பு, தினசரி சமையலுக்கு அயோடின் உப்பு என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

பால் இல்லாமல் காபி எப்படி?

இதுதான் மீனைவிடப் பெரிய பிரச்சினை. விடிந்தால் பாண்லே பால் வாங்க ஓடும் ஊரில் கறுப்புக் காபி குடிப்பவளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சோயா பாலைச் சூடான டிகாஷனில் ஊற்றினால் சில நேரம் திரிந்துவிடும். நான் முந்திரிப்பாலுக்கு வந்து சேர்ந்தேன். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது பாதாம் எதற்கு? உடைந்த முந்திரி முழு முந்திரியைவிட மலிவு. பத்துப் பருப்பை ராத்திரி ஊறவைத்துக் காலையில் நைசாக அரைத்துத் தண்ணீர் விட்டால் வடிகட்டக்கூட வேண்டாம். கொதிக்கவிடாதீர்கள், கஞ்சியாகிவிடும், சூடான டிகாஷனில் வெதுவெதுப்பாகக் கலந்தால் போதும். அது வேண்டாம் என்றால் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி இருக்கவே இருக்கிறது.

தயிருக்கு வேர்க்கடலைப் பாலைக் காய்ச்சி, மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைக்கிறார்கள். தாளித்து மோர்க்குழம்பு வைத்தால் நன்றாக இருக்கிறது. தயிர்சாதமாகப் பிசைந்தால் எனக்குப் பிடிக்கவில்லை.

பாலோடு சுண்ணாம்புச் சத்தும் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை இரண்டிலும் நிறைய. கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை போட்டுத் தின்றால் ஒரு வேளை முடிந்தது.

வெளியே சாப்பிடும்போது எதில் மாட்டிக்கொள்வோம்?

பரோட்டா மாவில் சிலர் முட்டையோ பாலோ சேர்க்கிறார்கள். "வெஜ் சால்னா" என்று ஊற்றுவது எந்தப் பாத்திரத்திலிருந்து வருகிறது என்பதைக் கரண்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஃபிரைட் ரைஸ் கடையில் ஒரே கடாயில்தான் எல்லாம் வதங்கும், அதைப் பொறுத்துக்கொள்வீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய பாண்டி வீடுகளின் வியட்நாம் வகைச் சமையலில் மீன் சாஸ் இருக்கலாம். பேக்கரியில் நீளமான பிரெஞ்சு ரொட்டி மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு மட்டும் சேர்த்தது, பயமில்லை. குரோசான் முழுக்க வெண்ணெய்; பிரியோஷில் முட்டையும் உண்டு.

சைவ ஓட்டலில் வீகன்களுக்கு நெய்தான் வில்லன். பொங்கல், ரவா கேசரி, "ஸ்பெஷல்" என்று தொடங்கும் எந்தத் தோசையும். ஒரு ஓட்டலில் மூன்று தடவை நெய் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தோசைமேல் ஊற்றிக் கொண்டுவந்து, "சும்மா கொஞ்சம்தான் மேடம், காசு இல்ல" என்றார் சர்வர். அன்பாகச் செய்தவரிடம் எப்படிக் கோபப்படுவது? சிதம்பரம் போனால் கத்தரிக்காய் கொத்சு விட்டுவிடாதீர்கள். நல்லெண்ணெயில் வதங்கியது, இட்லிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் வீகன் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிறது. நம் சம்பளத்துக்கு மாதம் ஒருநாள் போகலாம்.

செலவு கூடுமா?

பருப்பு, காய், கீரை என்றால் குறையும். பாக்கெட்டில் வரும் "வீகன் சிக்கன்" என்றால் கூடும். நான் ஒரு தடவை வாங்கினேன், ஊறிய அட்டை மாதிரி இருந்தது.

இது சாதி சமாச்சாரம் ஆகிவிடாதா?

ஆகிவிடும், கவனமாக இல்லாவிட்டால். பாண்டியில் வீடு தேடும்போது "சைவம் மட்டும்" என்ற பலகைக்குப் பின்னால் என்ன விசாரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பலகை என்னை உள்ளே விடும், என் அம்மாவை விடாது. அதனால் "சுத்த சைவம்" என்ற சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. அதில் வரும் சுத்தம் மற்றவர்களை அசுத்தமாக்குகிறது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு வேறொரு வழியும் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவர் புலால் உண்பதைக் கடுமையாகவே மறுத்தார். ஆனால் பசியோடு வருகிறவர் எந்தச் சாதி, நேற்று என்ன சாப்பிட்டார் என்று அந்தப் பந்தியில் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

கல்யாணத்தில் இறால் தொக்கைப் பார்த்துக் கை வைத்துவிட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. நன்றாக இருந்ததா? சரி, நாளைக்குச் சாம்பார்.

யார் தாங்களாக முயற்சி செய்யக்கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் அம்மாக்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரையோ உணவு ஆலோசகரையோ பார்த்துவிட்டு மாறுங்கள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் ஏற்கெனவே சாப்பாட்டை வெட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு "நான் வீகன்" என்பது தட்டைத் தள்ளிவிட நல்ல சாக்கு. விடுதியில் என் பக்கத்து அறைப் பெண் அப்படித்தான் இருந்தாள். எங்களுக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. உங்கள் தோழி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய் எதையும் சேர்க்காமல் இருந்தால், சும்மா இருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

மீன் விற்ற காசில் படித்துவிட்டு மீனை விடுவது துரோகம் இல்லையா?

இதை ஒரு தம்பி என்னிடம் கேட்டான், அவன் அப்பா படகுக்குப் போகிறவர். எனக்கும் இது புதிய கேள்வி இல்லை. என் ஆயா துறைமுகத்தில் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து முப்பது வருஷம் விற்றவர். என் காலேஜ் ஃபீஸ் அந்தக் கூடையிலிருந்துதான் வந்தது. நான் மீனை விட்டேன் என்றதும் அவர் கோபப்படவில்லை. "நாத்தம் புடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். அது எனக்குச் சுருக்கென்றது. இல்லை ஆயா, உயிர் போவதைப் பார்க்க முடியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துது" என்றார்.

இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் அவர் தட்டில் உள்ள சங்கராவுக்கு நான்தான் முள் எடுத்துக் கொடுக்கிறேன். அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் கூடையை என் மூக்குக்கு நேரே நீட்டி, இன்றைக்குப் பிடித்ததா ஐஸில் கிடந்ததா என்று கேட்பார். நான் சொன்ன பிறகுதான் ஆயா சட்டியை அடுப்பில் ஏற்றச் சொல்வார்.